மூன்றாம் ஓலைக்குப் போன வழி

"மணப்பாட்டு ஓங்கில் ஞாயித்துக்கிழம மட்டுந்தான் கரைப்பக்கம் துள்ளும், மச்சான். மத்த நாள் அதுக்குச் சோலி கெடக்கு," என்றேன், காரை ஓட்டிக்கொண்டே. ஓங்கில் என்றால் டால்பின்.

எபனேசர் மச்சான் கடலைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓரக்கண்ணால்.

நாசரேத்தில் எங்கள் சபையில் அன்றைக்கு என் மகள் அனுஜாவின் கல்யாண ஓலை மூன்றாவது முறையாக, கடைசி முறையாக வாசிக்கிறார்கள். இந்தப் பெண்ணும் இந்தப் பையனும் சேருவதில் யாருக்காவது தடை இருக்கிறதா என்று குருவானவர் கேட்பார். எல்லாரும் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எழும்புகிறவன் பேச்சு எடுபடாது.

எபனேசர் மச்சான் எழும்பப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

அனுஜா அவருடைய தங்கை மகள். ஞானஸ்நானம் எடுத்த அன்றே தன் மகன் கிருபாகரனுக்கென்று அவர் பேசிவைத்த பெண். அவர் பேசும்போது நான் கேக்கை மென்றுகொண்டிருந்தேன். தலை ஆடியது மெல்லுவதற்கு. இப்போது அனுஜா தனக்குப் பிடித்த பாளையங்கோட்டைப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள்.

மச்சான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்ன சொல்லிலிருந்து இறங்கி யாரும் பார்த்ததில்லை.

ஓலைக்குத் தாய்மாமனை நேரில் போய் அழைத்துவருவது எங்கள் குடும்பத்து வழக்கம். அழைக்காவிட்டால் தூத்துக்குடியில் பஸ் ஏறி வந்துவிடுவார். அழைத்தால் என் காரில் இருப்பார்.

ஆகவே அழைத்தேன்.

விடியக்காலையில் காபி டம்ளரை நீட்டிக்கொண்டு என் மனைவி ஜெபசுதா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "எங்க அண்ணனுக்குக் கடல்னா உயிரு. நல்லா சுத்திக் காட்டுங்க."

ஏரல் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கடலோரமாகப் போய்விடலாம் என்று மச்சானிடம் சொன்னேன். ஏனோ, அவர் மறுத்துப் பேசவில்லை. முத்தையாபுரம் தாண்டியதும் உப்பளத்தில் பூநாரைகள் நின்றன. அவை ஒற்றைக்காலில் நிற்பது உப்புத் தண்ணீர் காந்துவதால்தான், முறைவைத்துக் கால் மாற்றிக்கொள்ளும் என்று விளக்கினேன். காயல்பட்டினத்தில் ஓர் ஆமை எங்களை முந்திப் போனது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

திருச்செந்தூர் தாண்டி இப்போது குலசேகரப்பட்டினம் நெருங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தான்.

"ஒம்ம வண்டிக்கு ரெண்டாவது கியருக்கு மேல கெடையாதா வே?" என்றார் மச்சான்.

"உப்புக்காத்துல்லா மச்சான். மேல உள்ளதெல்லாம் துருப்பிடிச்சிட்டு."

"போன தடவ இங்கன நூறு ஓங்கில் பாத்ததாச் சொன்னீரே, எண்ணினீரா?"

"எங்க எண்ண விட்டுது? ஒரு இடத்துல நின்னாத்தான."

மச்சான் சிரிக்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். கூட்டத்தில் பேச எழும்புவதற்கு முன்னால் வருகிற செருமல்.

கொஞ்சதூரம் போனதும் கேட்டார். "பிள்ள ஒழுங்காச் சாப்பிடுதாளா?"

"சாப்பிடுதா."

அன்றைக்கு நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் பொய். இரண்டாவது ஓலை வாசித்ததிலிருந்து, மாமா என்ன செய்வாரோ என்று அவள் தட்டைத் தொட்டதில்லை.

எங்கேயோ ஒரு தேவாலய மணி அடித்தது. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடன்குடி வழியா உள்ள திரும்பினா இப்பவும் பிடிச்சிரலாம்."

பிடித்துவிடலாம்தான். விலக்கு கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு பக்கமும் பனை, செம்மணல், நடுவில் ஆளில்லாத நேர்ரோடு. இதற்குமேல் என்ன சொல்லி வண்டியைக் கடற்கரையிலேயே வைத்திருப்பது? ஓங்கில்களைக் காலையிலிருந்தே செலவழித்தாகிவிட்டது.

பிரேக்கை மிதித்தேன்.

"மச்சான்! அந்தா, ஆவுளியா!"

ஆவுளியா என்றால் கடல்பசு. கடலடியில் புல் மேய்கிற சாதுப் பிராணி. வலை வீசுகிறவர்களுக்கே லேசில் காணக் கிடைக்காது. என்ன செய்ய, வாயிலிருந்து வந்துவிட்டது.

மச்சான் கதவைத் திறந்து இறங்கினார்.

அதே நேரம் பின்னாலிருந்து ஒரு மினிபஸ் வந்தது. நெற்றியில் உடன்குடி என்று போட்டிருந்தது. கையைக் காட்டினால் நிற்கும்.

மச்சான் கையை உயர்த்தினார்.

அனுஜாவின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அவள் தட்டுதான் வந்தது.

உயர்த்திய கையை நெற்றியில் வைத்து, வெயிலை மறைத்துக்கொண்டு, அவர் கடலைப் பார்த்தார். மினிபஸ் புழுதியைக் கிளப்பிவிட்டு எங்களைத் தாண்டிப் போயிற்று.

கடல் துடைத்துக் கவிழ்த்த மாதிரிக் கிடந்தது. ஒரு வள்ளம் இல்லை. ஒரு காக்கை இல்லை.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கெடக்கு, மாப்ள," என்றார். "தாயும் குட்டியும்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கஞ்சி வேட்டியோடு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் வரலன்னு ஊர்ல கேட்டா நானே சொல்லிக்கிடுதேன். நீரு வாயத் தொறந்திராதீரும். நீரு சொன்னா ஒரு பய நம்ப மாட்டான்."