ரத்ரியின் ரேசர்

இந்தோனேசியாவின் யோக்யா நகரில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பக்ஸோ சூப் கடை ஓரமாக வண்டியை நிறுத்திய தனு, மழைக்கோட்டுக்காக ரத்ரியின் கைப்பையைத் துழாவினான். கையோடு வந்தது, ஆண்கள் சவரம் செய்யும் ரேசர்!

அடுத்த மாதம் இருவருக்கும் கல்யாணம். அவன் முகம் சுண்டிவிட்டது.

“எவனோடது இது?”

ரத்ரி உதட்டைக் கடித்தாள். “சொன்னா ஓடிப்போயிட மாட்டியே?”

“அவனுக்குத் தாடி அடர்த்தியா?”

“ரெண்டு நாள் விட்டா முள்ளாட்டம் குத்தும்.”

ஒன்பது மாதமாக எண்ணெய் தேய்த்தும் பன்னிரண்டே முடி முளைத்திருந்த தன் மோவாயைத் தனு தடவிக்கொண்டான். “எனக்குத் தெரிஞ்சவனா?”

“நல்லாவே தெரியும். தினமும் உன் வண்டியில பின்னாடி உட்கார்ந்து வர்ற ஆளுதான்.”

தனு விழித்தான்.

“எனக்கு சினைப்பையில நீர்க்கட்டி, தனு. பதினாறு வயசுலேர்ந்து மாதவிலக்கு ஒழுங்கா வராது, மோவாயில முடி மட்டும் ஒழுங்கா வரும். குழந்தை தாமதமாகலாம்னு டாக்டர் சொல்றாங்க. சிநேகிதிங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உன்கிட்டதான் சொல்ல வாய் வரலை.” அவள் குரலில் இருந்த குறும்பு போயிருந்தது.

தனு ரேசரைத் துடைத்து, பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தான்.

“குழந்தை வர்றப்ப வரட்டும். ஆனா பையனா இருந்தா, தாடி விஷயத்துல அம்மாவைக் கொண்டு பொறக்கணும்!”