பதறாத கை

வார்டிலிருந்த வலிமருந்து அலமாரி, கை வைப்பவரின் நாடித்துடிப்பைப் பார்த்துத்தான் திறக்கும். மருந்து திருட வருகிறவர்கள் பதறுவார்களாம்.

நர்ஸ் ஜெபக்கனி மறுபடியும் கை வைத்தாள். "பதற்றம் தெரிகிறது. திறக்க இயலாது" என்றது அலமாரி. பின்னால் கட்டிலில், புற்றுநோய் முற்றிய சுடலைமுத்து போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு முனகினார். அதைக் கேட்கக் கேட்க அவள் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொண்டது. எந்தத் திருடனும் இப்படிப் பதறியிருக்க மாட்டான்.

சுடலைமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போர்வையை விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, எனக்கு இப்பம் வலியே இல்ல, கேட்டியா. நீ மெதுவா வா. இன்னைக்கு வீட்ல என்ன கொழம்பு?"

"நிசமாவா அண்ணாச்சி?"

"பொய்யா சொல்லுதேன்? கொழம்பச் சொல்லு."

"புளிக்கொழம்பு. உப்பு கூடிட்டு."

"ஒன் மாப்பிள்ள பாவம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாரி திறந்தது.

ஊசி போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யும்வரை அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்த பிறகு அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"இப்பம் சொல்லலாம்லா? உசுரே போயிட்டு, மக்கா."