குறுக்குக் கேள்வி

ஒரகடம் கம்பெனியின் விசாரணை அறையில் ஏசி முனகிக்கொண்டிருக்கிறது. சுடலைக்கண்ணு ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் துணையாக வருவதாகச் சொன்ன சக தொழிலாளி வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது. கம்பெனி விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்று அவனிடம் சொன்னவள், எதிரே நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருக்கும் ஷெர்லின்தான். தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தவள், நிரந்தரச் சம்பளம் வேண்டுமென்று இங்கே ஹெச்.ஆர். வேலைக்கு வந்தவள். "மெஷினாண்ட தூங்கிக்கினு இருந்தான் சார், என் கண்ணால பாத்தேன்" என்று சூப்பர்வைசர் சொல்லி முடிக்கிறார். விசாரணை அதிகாரி சுடலைக்கண்ணு பக்கம் திரும்புகிறார். "இவர்கிட்ட ஏதாவது கேக்கணுமாப்பா?" ஷெர்லினுக்குக் கேள்வி தொண்டை வரை வந்துவிடுகிறது. எங்கே நின்று பார்த்தீர்கள்? அந்த நேரம் முழுக்க சூப்பர்வைசர் தன் கேபினில் இருந்தார். அங்கிருந்து அந்த மெஷின் தெரியாது. சாட்சியைத் தயார் செய்தவளுக்கு அது தெரியாதா? இந்த ஒரு கேள்வி போதும், அவன் வேலை தப்பிவிடும். வக்கீலாக இருந்தபோது வெள்ளைக் கழுத்துப்பட்டை இருந்த இடத்துக்கு அவள் விரல்கள் தாமாகப் போகின்றன. அடையாள அட்டையின் நாடா தட்டுப்படுகிறது. சுடலைக்கண்ணு அவள் முகத்தையே பார்க்கிறான். "என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியலயே மேடம். நீங்க சொல்லுங்களேன்." சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். "கேள்வி எதுவும் இல்லைன்னு எழுதிக்கலாம் சார்" என்கிறாள் ஷெர்லின், கோர்ட்டில் பேசிய அதே தெளிவான குரலில்.