கழுகுக் கண்ணு

கூட வேலை பார்க்கிற டிரைவரையே ஒரு கண்டக்டர் முதலாளியிடம் போட்டுக் கொடுப்பானா? மாரிசாமி போட்டுக் கொடுத்தான்.

"ஐயாதுரை அண்ணனுக்குக் கண்ணு சரியில்ல முதலாளி. ஆடிப்பூரக் கூட்டத்துக்கு முந்தி டெஸ்ட் பண்ணிருங்க."

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டே அவனைக் காறித் துப்பியது. டீக்கடை மாஸ்டர்கூட அவனுக்கு டீ ஆற்ற யோசித்தார்.

ஐயாதுரைக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதே ரோடு. ஒரு ஆட்டுக்குட்டி மேல் டயர் பட்டதுண்டா? சாயங்காலமானால் எதிரே வருகிற லாரி வெளிச்சம் பூப்பூவாக விரிவது வாஸ்தவம்தான். அது லாரிக்காரன் போடுகிற மட்டமான பல்பு. உச்சி வெயிலிலும் ரோடு பனி மூட்டமாகத் தெரிகிறதா? அது மில்லிலிருந்து பறக்கிற பஞ்சு. அதற்கெல்லாம் கண் என்ன செய்யும், பாவம்!

மாரிசாமி மேல் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. டிக்கெட் கிழித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இஞ்சின் பக்கத்தில் வந்து நின்று தொணதொணப்பான்.

"அண்ணே, சைக்கிள்ல டபுள்ஸ் வாரான்... அண்ணே, லெஃப்ட்ல எருமை நிக்கி... அண்ணே, பள்ளிக்கூடத்துப் புள்ளைக..."

மூன்று வருஷமாக இதே பாட்டு. வருகிற ஒண்ணாம் தேதி முதல் அவனுக்கு ஆபீசில் வேலை. தொல்லை விட்டது என்று இருந்தவரை, போகிற போக்கில் இப்படிக் கடித்து வைத்துவிட்டான்.

"டாக்டர் சர்டிபிகேட் கொண்டாங்க, சாவி தாரேன். இல்லேன்னா ஷெட்டுல இருங்க" என்றுவிட்டார் முதலாளி. துணைக்கு மாரிசாமியையே அனுப்பி வைத்தார்.

ஐயாதுரை கலங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சக்ரபாணியின் எழுத்து அட்டை அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறபோதெல்லாம் பெஞ்சில் காத்துக் கிடந்து, முன்னால் போன டிரைவர்கள் உரக்க வாசித்ததைக் கேட்டுக் கேட்டே ஏறினது. காது அவருக்குப் பாம்புக் காது.

டாக்டர் அறைக்குள் சுண்ணாம்பு வாடை குப்பென்று அடித்தது. வெளியே காத்திருந்தவர்களைத் தாண்டி மாரிசாமியும் உள்ளே வந்து கதவோரம் நின்றான். உட்காரப் போகையில் காலில் என்னவோ இடறியது. அதைப் பெஞ்சுக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் யாருக்கோ மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஐயாதுரையா? சுவத்தப் பாத்து வாசிங்க."

ஐயாதுரை இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"க."

"உம்."

"ப, ட."

"உம்."

"ம, ர, ந."

கடைசி வரிக்குக் கழுத்தை நீட்டினார். கண்ணைச் சுருக்கினார். "வ... ய... செத்த இருங்க டாக்டர்... ள... ச!" கடகடவென்று ஒப்பித்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதெல்லாம் அனுபவம்.

அடுத்த கண்ணுக்கும் அதே பாட்டு, அதே 'உம்'.

"கழுகுக் கண்ணுய்யா உமக்கு!" டாக்டர் முத்திரையைக் குத்தி நீட்டினார்.

வெளியே வந்ததும் ஐயாதுரை மாரிசாமியின் மூக்குக்கு நேரே காகிதத்தை ஆட்டினார்.

"பாத்துக்கோலே! படிச்ச டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. இனிமே என் கண்ணப் பத்திப் பேசுனே, பல்லு இருக்காது!"

மாரிசாமி காகிதத்தைப் பார்க்காமல் டாக்டர் அறைப் பக்கமே பார்த்தான்.

"ஏம்லே, வாயடைச்சுப் போச்சோ? மூணு வருஷமா மூடாத வாயி!"

"ஒண்ணாந்தேதியிலருந்து நான் வண்டியில இல்லண்ணே. புதுசா வாரவன் பின்சீட்டுல குந்துற ஆளு. எருமை நிக்கி, புள்ளை வருதுன்னு உங்களுக்கு யாருண்ணே சொல்லுவா?"

ஐயாதுரைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப நீ சொல்லித்தான் நான் ஓட்டுனேனாக்கும்? இந்தா, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. டாக்டர் பொய்யா?"

மாரிசாமி குரலைத் தாழ்த்தினான்.

"ஆடிப்பூரத்துக்குன்னு சுவத்துக்கு வெள்ளையடிச்சிருக்காவண்ணே. அங்க அட்டையே இல்ல. நீங்க பெஞ்சுக்கு அடியில உதைச்சுத் தள்ளுனீயளே, அதுதாண்ணே அட்டை."

ஐயாதுரை காகிதத்தை இறக்கினார்.

"அங்கயே சொல்ல வேண்டியதுதானலே?"

"நாலு பேரு முன்னாடி உங்கள அசிங்கப்படுத்தச் சொல்லுதீயளா? முதலாளிகிட்டப் போறதுக்கு முந்தி உங்ககிட்ட எம்புட்டுத் தடவ சொன்னேன்! கண்ணாடி வாத்தியாருக்குத்தாம்லேன்னு விரட்டுனீய."

ஐயாதுரை சர்டிபிகேட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதுவும் பனி மூட்டமாகத்தான் இருந்தது. இங்கே ஏது மில் பஞ்சு?

"ஏலே மாரிசாமி, ஆடிப்பூரத்துக்கு ரோட்டுல எம்புட்டுச் சனம் வரும்?"

"ரோடே தெரியாதுண்ணே. புள்ள குட்டியத் தோள்ல வச்சிக்கிட்டு நடந்து வருவாவ."

ஐயாதுரை விறுவிறுவென்று திரும்பி உள்ளே போனார். டாக்டர் இன்னும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். சர்டிபிகேட்டை அந்த மேஜை மேலேயே வைத்தார் ஐயாதுரை.

"செத்த எந்திரிச்சு வாங்க டாக்டர். பெஞ்சுக்கு அடியில கெடக்குற அட்டைய எடுத்து மாட்டுவோம். நாம ரெண்டு பேருமே ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருவோம்."