முட்டுக்காட்டுச் சனிக்கிழமைகள்

"பாருக்குப் போய் தீர்த்தமா வாங்கிச் சாப்பிட்டேள்?"

பெருந்தேவியின் குரல் மூன்றாம் மாடியிலிருந்து கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். எதிர் ஃப்ளாட் சம்பூர்ணத்துக்காக அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். உறைமோர் கேட்கும் சாக்கில் அவள் ஏற்கெனவே கிண்ணத்தோடு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் அந்தப் பக்கமே போனதில்லைடி. கார்டு என் சட்டைப்பையை விட்டு நகரவே இல்லை" என்றார் வெங்கடராகவன். பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தாலே ஜன்னலைச் சாத்துகிற மனிதர்.

"நகரலைன்னா நீங்கதானே தேய்ச்சிருக்கணும்?"

அவர் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதெல்லாம் கார்டைத் தேய்த்தவுடன் செல்போன் கூவாது. மாதம் முடிந்து பேங்கிலிருந்து தபாலில் ஸ்டேட்மென்ட் வந்தால்தான் வீட்டில் பூகம்பம். வெங்கடராகவனின் ஸ்டேட்மென்ட்டில், பொங்கலுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறாமல் முட்டுக்காட்டில் ஏதோ 'பார் அண்ட் கிரில்'. போதாததற்குக் கோவளத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடை. கொலுசு எதுவும் பெருந்தேவியின் கண்ணில் படவில்லை. கிழித்துப் போட்டுவிடுவார் என்று அந்தக் காகிதத்தை அவள் கணவரிடம் கொடுக்கவும் இல்லை. சம்பூர்ணத்திடம் கொடுத்தாள்.

சம்பூர்ணம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படித்தாள். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை. உள்ளுக்குள் பாயசம்.

"அழாதீங்க மாமி. ஆம்பளைங்கன்னா அப்டி இப்டித்தான் இருப்பாங்க. எல்லாரும் எங்க வூட்டுக்காரரு மாதிரி ஆவ முடியுமா?"

அவள் வீட்டுக்காரர் சடையப்பனுக்கும் அதே கம்பெனி, அதே பேங்க். ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்த கார்டுகள். பேர்கூடப் போடாமல் நம்பர் மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சடையப்பனின் ஸ்டேட்மென்ட்டும் வந்திருந்தது. சம்பூர்ணம் அதைப் பிரித்துப் படித்து உருகிப் போயிருந்தாள். காப்பிப்பொடிக் கடை, ஆயுர்வேதக் கடை, திருப்போரூரில் பக்திப் புத்தகக் கடை. இவ்வளவுதான். வாங்கியது எதுவும் வீட்டுக்கு வரவில்லை. இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார் போல, கேட்டால் புண்ணியம் குறைந்துவிடும் என்று அவரிடம் வாயே திறக்கவில்லை. மற்றபடி வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியாயிற்று. அந்த மனுஷன் சனிக்கிழமை ஓவர்டைம் வேறு பார்க்கிறார்.

வெங்கடராகவன் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "கார்டு வேற கைக்குப் போனதுன்னா காணும் பொங்கல் அன்னிக்குத்தான். மாமல்லபுரத்துல அலையில இறங்கறதுக்கு முன்னாடி நானும் சடையப்பனும் உங்க ஹேண்ட்பேக்லதானே போட்டோம்?"

சம்பூர்ணம் இடுப்பில் கை வைத்தாள். "இன்னா சாரு சொல்றீங்க? நான் எடுத்துகினு போயி பார்ல தேச்சேன்றீங்களா? கரைக்கு வந்ததுமே ஆளுக்கு ஒண்ணு கையில குட்தேனே, மாமியே பாத்துகினுதானே இருந்தாங்க?"

பெருந்தேவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு முடிவெடுத்தது முழுக்க சம்பூர்ணம்தான். இன்றைக்கே பேங்குக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும், எவன் தேய்த்தான் என்று ஊருக்கே தெரிய வேண்டும், சாட்சிக்குத் தானும் வருகிறேன் என்றாள். பெருந்தேவி உள்ளே போய்ப் பத்துப் புடவையைத் திணித்து ஒரு சிவப்புப் பெட்டியோடு வந்தாள். சார்தான் தேய்த்தார் என்று பேங்கில் சொல்லிவிட்டால், அங்கிருந்தே காஞ்சிபுரத்துக்குப் பஸ், அண்ணா வீட்டுக்கு. திரும்பி வரப்போவதில்லை.

ஷேர் ஆட்டோவில் அந்தப் பெட்டி வெங்கடராகவனின் மடியில்தான் உட்கார்ந்து வந்தது. பெருந்தேவியின் முழங்கால் தைல வாசனை ஆட்டோ முழுக்க. இறங்கும்வரை சம்பூர்ணம் தன் கணவரின் நற்குணங்களை டிரைவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பேங்கில் சாருலதா என்றொரு சின்னப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். புகார் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர்களிடமிருந்து கையெழுத்துப் போட்ட சீட்டை வரவழைப்பார்களாம்.

"அதாம்மா வேணும்" என்றாள் சம்பூர்ணம். "கையெழுத்தப் பாத்தா எவன்னு தெரிஞ்சிடும்ல. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் புத்தி வரும்."

அதற்கு முன்னால் கார்டை நிறுத்த வேண்டும் என்று சாருலதா கை நீட்டினாள். வெங்கடராகவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் நம்பரைத் தட்டினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் தட்டினாள். பெருந்தேவி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க வச்சிருக்கறது உங்க கார்டே இல்ல. சடையப்பன்னு ஒருத்தரோடது. உங்களுது அவர்கிட்ட இருக்கா பாருங்க."

 திரும்பி வரும்போது ஆட்டோவில் பெருந்தேவி ஒருமுறை குனிந்து சம்பூர்ணத்தின் காலைப் பார்த்தாள். கொலுசு இல்லை.

மறுநாள் காலை அந்தச் சிவப்புப் பெட்டி பஸ் ஏறத்தான் ஏறியது. ஆனால் காஞ்சிபுரத்துக்கு அல்ல, சம்பூர்ணத்தின் புடவைகளோடு அவள் தம்பி வீடு இருக்கிற செங்கல்பட்டுக்கு.