இடது முன்சக்கரம்

ஞாயிறு காலை பத்து மணி. சாவியைத் திருப்பிய மறு நொடியே ஷெட்டுக்குள் வண்டி உறுமியது. படுக்கையில் கிடந்தவர் முகத்திலிருந்து ஒரு வாரத்துச் சோர்வும் இறங்கிப்போனது.

"நம்ம செல்லம் எழுந்துடுச்சு" என்றார்.

"ஆமாங்க" என்ற மனைவி, தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அவளுக்குப் பயம்தான்.

செல்லம் என்பது இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவான அவர், பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஆறு வருடம் பாடுபட்டு உயிர் கொடுத்த வண்டி. தினமும் காலையில் அதைக் கிளப்புவதற்குள் அவர் கெஞ்சுவதையும் கொஞ்சுவதையும் பார்த்து, "என்னை ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருக்கீங்களா?" என்று அவள் வம்புக்கு இழுத்ததுண்டு.

மாடிப்படியில் விழுந்து அவர் முதுகெலும்பு நொறுங்கி ஐந்து மாதம் ஆகிறது. அவர் நினைவில்லாமல் கிடந்தபோதே, ஆபரேஷனுக்காக அவள் செல்லத்தை விற்றுவிட்டாள். மனசு உடையும்படி எதையும் சொல்லிவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுத்தவர்கள் அவருடைய கார் சங்கத்து நண்பர்கள். அவர்களில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரிடமும் அதே மாடல் வண்டி இருந்தது, நிறம்தான் மஞ்சள். ஓயாமல் பேசுவதால் சங்கத்தில் அவருக்குப் பெயர் சைலன்சர்.

ஞாயிறுதோறும் நாலு பேர் அந்த மஞ்சள் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் ஷெட்டுக்குள் தள்ளி வருவார்கள். பிறகு சைலன்சர் அதைக் கிளப்பி, ஜன்னலை ஒட்டித் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஷெட்டில் விடுவார். போகும்போதும் அதேபோல் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவார்கள். படுத்திருப்பவருக்கு அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும்.

இன்றும் சுற்றை முடித்துவிட்டு சைலன்சர் உள்ளே வந்தார். "அண்ணே, செல்லம் சும்மா வழுக்கிட்டுப் போகுது."

"வலது பக்கம் திரும்பும்போது இடது முன்சக்கரம் முனகுது. மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

"படுத்தே கிடக்கறீங்கல்ல, எல்லாமே பெரிசா கேக்கும். நாளைக்கு என் பொண்ணை மஞ்சள் வண்டியில மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். பத்தாவது பாஸ் பண்ணினா கூட்டிட்டுப் போறதா வாக்கு குடுத்திருக்கேன். வந்ததும் பாத்துடலாம்ணே."

அவர் கையை நீட்டினார். "சாவியைக் குடு."

"எதுக்குண்ணே?"

"என் வண்டி, என் சாவி. மெக்கானிக் வந்து பாக்கற வரைக்கும் அது ஷெட்டை விட்டு நகரக் கூடாது."

சைலன்சர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். சைலன்சர் சுவர்ப் பக்கம் திரும்பி, கொத்திலிருந்து தன் வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, கார் சாவியை நண்பரின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் வாசலுக்கு ஓடினாள். "தம்பி, மன்னிச்சிடுங்க. பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"பஸ்ல போயிட்டு வர்றோம் அண்ணி. அண்ணன் அதைக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, தெருமுனை திரும்புவதற்குள் மூன்று தடவை ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வந்தால், கணவர் சாவியை மார்மேல் வைத்துக்கொண்டு ஜாலியாகப் போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல மனுஷனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு என்ன பிடிவாதம் இது? எது ஆனாலும் ஆகட்டும், இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மத்தியானம் மெக்கானிக் வந்து ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். இடது முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"சக்கரத்தைத் தாங்கற பேரிங் தூளாகிக் கிடக்கும்மா. இறக்கத்துல ஒரு வளைவு போதும், சக்கரம் தனியா கழண்டு ஓடியிருக்கும். இதை எடுத்துட்டு யாராவது மலைப்பக்கம் போயிருந்தா, அவ்வளவுதான்."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண் அவள் கண்ணுக்குள் வந்து நின்றாள். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"பேரிங்கை மாத்தினதும் சாவியை சைலன்சர்கிட்ட குடுத்துடு" என்றார் அவர். "நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு மலைக்குப் போகட்டும். அடுத்த ஞாயிறு வழக்கம்போல வரச் சொல்லு."

ஐந்து மாதப் பழக்கம், வாய் தானாகப் பொய்யைப் பிடித்துக்கொண்டது. "நம்ம செல்லத்தையா அவருக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

அவர் அவள் கையைப் பிடித்து, அதில் சாவியை வைத்து மூடினார்.

"நம்ம செல்லம் என்னைக்கும்மா முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சு?"