லாக் புக்கில் ஒரு வார்த்தை

“யாருப்பா இதுல ‘த்ராபிங்’னு எழுதுனது?”

லாக் புக்கை விரித்தபடி நின்றார் இன்ஜினியர் ஹரீஷ்குமார். அந்த ஓசூர் கம்பெனியில் இருபது மெஷின்களின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும்.

“நான்தான் சார்.” டீ குடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த மாதப்பன் பெருமையாக முன்னால் வந்தான். மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட். இந்த வாரம் நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியல் போடுகிறார்கள். இங்கிலீஷில் எழுதுகிறவனுக்குத்தான் முதலிடம் என்று ஒரு பேச்சு. உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு முப்பத்தாறு மார்க் வாங்கிய புலவன், தன் மெஷின் துடிக்கிறது என்று புகார் எழுத, அகராதியில் ‘துடிப்பு’க்கு நேரே இருந்த நாலு வார்த்தைகளில் கம்பீரமானதைப் பொறுக்கி எழுதியிருந்தான்.

“மெஷினுக்கு வைப்ரேஷன்னு எழுதணும்பா. த்ராபிங் ஒடம்புக்குச் சொல்றது. சீழ் புடிச்ச வெரலு விண்ணு விண்ணுனு தெறிக்குமே, அது.”

“விடுங்க சார்,” என்றார் ஃபிட்டர் வெங்கடப்பன். “மெஷினுக்கு நகச்சுத்து வந்திருக்கும். எலுமிச்சம்பழம் சொருகிடலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாதப்பனுக்குக் காது சுட்டது. பட்டியலிலிருந்து தன் பெயர் நழுவுவது கண்ணுக்கே தெரிந்தது. இங்கிலீஷ் போனால் போகட்டும், புகாராவது நிற்க வேண்டும்.

“வார்த்தை தப்புதான் சார். துடிக்கறது நெஜம். தெனம் ரெண்டு ஷிஃப்ட்டு இதும்மேல கைய வச்சுக்கிட்டே நிக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“இப்பவும் துடிக்குதா பாரு.”

மெஷினின் தூணில் உள்ளங்கையை அழுத்தி, பெரிய டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான் மாதப்பன்.

“டுக்கு டுக்குனு நல்லாத் துடிக்குது சார். பம்ப்பு போயிருக்கும்.”

“நிச்சயமா?”

“என் வேலைய வச்சே சொல்றேன் சார்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெங்கடப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஹரீஷ்குமார் லாக் புக்கை மெல்ல மூடினார்.

“நீ டீ குடிக்கப் போனப்பவே ஃபியூஸப் புடுங்கியாச்சு. மெஷின் நின்னு கால் மணி நேரம் ஆகுது. கைய எடுப்பா.”

எடுத்தான். உள்ளங்கையில் துடிப்பு நிற்கவில்லை.